நாற்பத்தெட்டாயிரத்தில் பாடிய பாகவதர்

அன்று வெள்ளிக்கிழமை. கூலாயில் எங்கள் தமான் குடியிருப்பின் மாரியம்மன் கோயில் அடுக்களையில் எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோபுரத்து மூலையில் கட்டியிருந்த இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளிலும் வழக்கமான பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்தது.

எட்டுக் கத்திகளும் நின்றன.

நான் ஒலிப்பெட்டி அறையின் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றேன். நான்காவதாக என்ன வரப்போகிறது என்று அந்த எட்டுப் பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அது அவர்களுடைய பாட்டு. அவர்களே கட்டி, அவர்களே பாடி, ஸ்கூடாயில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரின் அறையில் பதிவு செய்த பாட்டு.

ஹார்மோனியம் எழுந்தது. கஞ்சிரா சேர்ந்தது. அப்புறம் குரல் வந்தது.

'செம்பனைத் தோப்புக்குள்ள செவ்வாடை கட்டி வந்தா...'

ஆண் குரல். நல்ல கனத்த ஆண் குரல். ஏழு பேர் பின்பாட்டு, அதுவும் ஆண்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் சரசு. பாட்டைக் கட்டியவரும் அவர்தான், பாடியவரும் அவர்தான்.

"அண்ணே, என் பாட்ட எவனோ ஆம்பள பாடுறான்!"

"நான்கூட பாடுறேன்டி, கேளு! எனக்கு மீச மொளச்சிருச்சு!" என்று கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கமலா என்பவர் கோயில் தலைவர் தண்டபாணியின் மனைவி. இரண்டாவது சரணத்தைத் தனியாகப் பாடியவர் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியைப் பொருத்தியவன் நான். அந்தப் பாட்டை அதற்கு ஏற்றாற்போல் மாற்றிக் கொடுத்தவனும் நான். 'என் பெட்டி எதைக் கொடுத்தாலும் பாடும்' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவனும் நானேதான்.

அந்த நேரத்தில்தான் தலைவரின் செருப்புச் சத்தம் அலுவலகப் பக்கமிருந்து வந்தது. வேக நடை.

என்னைத் தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுத்தவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தலைவர் வந்து சேரட்டும், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் பெயர் மாணிக்கம். 'சவுண்டு மாணிக்கம்' என்று கேட்டால் ரெங்கத்திலிருந்து ஸ்கூடாய் வரை யாரும் கடைக்கு வழி சொல்வார்கள். பிறந்தது ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். படிப்பு ஆறாம் வகுப்பு. அதிலும் கடைசி வகுப்பில் பாதி நாள் நான் பள்ளியில் இல்லை, தலைமையாசிரியர் வீட்டு வானொலியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தேன் என்பதற்கு அடி. திரும்ப மாட்டியபோது முன்பைவிட நன்றாகப் பாடியது என்பதற்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு.

லாரியில் கெலிந்தானாக, அதாவது ஓட்டுநருக்கு எடுபிடியாக ஓடினேன். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விரிப்பு போட்டுப் பாட்டு நாடா விற்றேன். அப்புறம் சீடி வட்டு. அப்புறம் வண்டிகளுக்கு ஒலிப்பெட்டி பொருத்தும் கடை. இன்றைக்குச் சொந்தக் கடை, மாடியில் வீடு. பெரிய படிப்பு படித்தவர்கள் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அங்கிள், பென்டிரைவ் போட்டா எரர்னு வருது" என்று நிற்கிறார்கள். நான் கண்ணாடியைக்கூடப் போடாமல் சொல்வேன் என்ன கோளாறு என்று.

கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். என்ன கேட்டாலும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. தெரியாவிட்டால், "நாளைக்கு வாங்க, சாமான் வரணும்" என்பேன். நாளைக்குள் தெரிந்துகொள்வேன். தொழில் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும்.

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. கணினியில் பாட்டை மாற்றும் அந்தத் திரையை நான் ரப்பர் நிரையைப் போலத்தான் மனத்தில் வைத்திருந்தேன். முதல் மரம், இரண்டாம் மரம் என்று எண்ணிப் போவோமே, அப்படி. முதல் கட்டத்தில் எம்பி3. இரண்டாவது கட்டத்தைத் தொடாதே. மூன்றாவது கட்டத்தில் 128. நான்காவதையும் தொடாதே. கீழே பச்சைப் பொத்தானை அழுத்து. முடிந்தது.

இருபது வருடமாக இந்த நிரையில்தான் நடந்தேன். ஒரு மரம்கூடக் காலை இடறியதில்லை.

பெட்டிகளுக்கும் குணம் உண்டு

பாட்டு என்றால் பாட்டு, பெட்டி என்றால் பெட்டி, போட்டால் பாடவேண்டியதுதானே என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் என் தொழிலே இருக்கிறது.

பழைய லாரிப் பெட்டிகள் சிலவற்றுக்குப் பாட்டின் பெயரைத் தமிழில் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் நான் பெயரே வைப்பதில்லை, எண் மட்டும்.

சில பெட்டிகளுக்குப் பாட்டோடு ஒட்டியிருக்கும் படம் பெரிதாக இருந்தால் மூச்சு முட்டிவிடும். ஒரு எண்ணெய் லாரிக்காரர் ஆசைப்பட்டு அம்மன் படத்தை நல்ல பெரிய அளவில் ஒட்டிக்கொண்டு வந்தார். பெட்டி அரை மணி நேரம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றது, பாடவில்லை. படத்தைக் கழற்றினேன், உடனே பாடியது. "நீ நாத்திகனா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார் அந்த மனுஷன்.

இன்னொரு குணம், வரிசை. ஒன்று, இரண்டு என்று நீங்கள் எண் போட்டு வைத்தாலும், பல பெட்டிகள் அதைக் கண்டுகொள்ளாது. நீங்கள் எதை முதலில் ஏற்றினீர்களோ அதைத்தான் முதலில் பாடும். ஸ்கூடாயில் ஒரு புதுமனைப் புகுவிழா. வீட்டுக்காரர் தானே பென்டிரைவ் தயார் செய்தார், என்னிடம் வரவில்லை. பிள்ளையார் பாட்டு முதலில் வரவேண்டிய இடத்தில் அவர் பேத்தியின் ஏபிசிடி பாட்டு வந்தது. ஐயர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இ, எஃப், ஜி' வரைக்கும் காத்திருந்தார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் என் கடையில் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

இத்தனை குணங்களையும் அறிந்தவன் நான். அப்படிப்பட்டவன் பொருத்திய பெட்டியில் பெண் ஆணாகிப் பாடினால் எப்படி இருக்கும் எனக்கு!

வாய் செய்த வேலை

சரி, தலைவர் வந்துவிட்டார்.

தண்டபாணி நல்ல மனிதர். கோயிலுக்காக ஓடி ஓடி உழைத்தவர். ஆனால் பெண்கள் குழு என்றால் வெள்ளிக்கிழமை கைதட்டிப் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிப் போகும் கூட்டம் என்பது அவர் கணக்கு. 'எங்க பாட்ட காலையில ஸ்பீக்கர்ல போடுங்க' என்று சரசு இரண்டு வருடமாகக் கேட்டார். 'பாக்கலாம், பாக்கலாம்' என்று இரண்டு வருடமாகத் தலைவர் சொன்னார். பெரிய பெரிய பாடகர்கள் பாடும் இடத்தில் இடியாப்பம் விற்கிற சரசுவா என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாதது.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். சொல்லாமல் போடுவோம். மூன்று பெரிய பாட்டுக்குப் பிறகு நான்காவதாக ஓடட்டும். அவர் தலையை ஆட்டினால், 'இது யார் தெரியுமா?' என்று உடைப்போம். திட்டம் என்னுடையது என்பதால் நன்றாகத்தான் இருந்தது.

தலைவர் தலையை ஆட்டிக்கொண்டுதான் வந்தார். தாளமும் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாணிக்கம், யாருய்யா இந்தப் பாகவதர்? என்னா குரல்! என்னா கம்பீரம்! இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

அடுக்களையில் ஒரு பயற்றங்காய்கூட அசையவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'தலைவரே, பெட்டியில் ஏதோ கோளாறு, எனக்குப் புரியவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு என் வாய் பழகவில்லை.

"பெரிய ஆளு தலைவரே. சுலபத்துல பிடிக்க முடியாது" என்றேன்.

"உனக்குப் பழக்கமா?"

"எனக்குப் பழக்கம் இல்லாத பாடகரா?"

"அந்த ரெண்டாவது சரணம் பாடுறானே, பின்பாட்டு, சின்னப் பையன் போல. அவனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. சொல்லி வை."

அறுபதைத் தொடும் கமலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

"திருவிழாவுக்கு அவர வரவழைச்சிரு. பொன்னாட போத்துவோம். இனிமே தினமும் காலையில இவர் பாட்டுதான். நீ கூப்ட்டா வருவாரு இல்ல?"

"நான் கூப்ட்டு வராம?"

தலைவர் போய்விட்டார். பாட்டு முடிந்தது. எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே" என்றார் சரசு மெதுவாக. "திருவிழாவுக்கு இன்னும் பத்து நாளுதான். அந்த ஆம்பளைய எங்கேருந்து கொண்டு வரப்போறீங்க?"

தொலைபேசிக்கும் பெட்டிக்கும் ஓட்டப்பந்தயம்

அன்று மத்தியானமே கோயில் நடை சாத்தியபின் கூடினோம். கூம்புகளின் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஒலிபெருக்கியை மாட்டினேன்.

முதலில் பென்டிரைவை மாற்றினேன். ஆம்பளைதான் பாடினான். கடைக்கு ஓடிப்போய், ஒட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆம்பளை. மறுபடி ஓடி 128-ஐ 192 ஆக்கினேன். ஆம்பளை, கொஞ்சம் தெளிவாக.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷமோ என்னமோ" என்றார் சரசு.

"எட்டுப் பேருக்குமா? ஹார்மோனியத்துக்கும் சேர்த்தா?" என்றார் கமலா.

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. சரசு ஹார்மோனியத்தை இழுத்து முன்னால் வைத்தார். பெட்டியைப் பாடவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நான் பாடுனது நாலு கட்ட. இது ரெண்டரையும் இல்ல, மூணும் இல்ல. நடுவுல நிக்குது. இப்படி ஒரு கட்டையே ஹார்மோனியத்துல கெடையாது அண்ணே. எந்த ஆம்பளயும் இந்தச் சுருதியில பாட முடியாது."

"உன் போன்ல எப்படி இருக்கு?"

"போன்ல நானாத்தான் இருக்கேன்."

ஸ்கூடாய் வீடியோக்காரர் அனுப்பிய அதே பாட்டைச் சரசு தொலைபேசியில் வைத்திருந்தார். "ரெண்டையும் ஒண்ணா ஓடவிடுங்க" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் தட்டினோம்.

முதல் வரி முடிவதற்குள் தொலைபேசிச் சரசு முன்னால் போய்விட்டார். பெட்டிக்குள் இருந்த பாகவதர் பின்னால் தள்ளாடி வந்தார். பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

"ஓடு சரசு, ஓடு!"

"பாகவதரே, மூச்சு வாங்காதீங்க, வந்துருங்க!"

ஆறு நிமிடப் பாட்டு. தொலைபேசி முடித்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தது. பெட்டி இன்னும் அரை நிமிடத்துக்குமேல் பாடியது. கடைசி வரியைப் பாகவதர் தனியாக இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

"அப்ப, நம்ம பெட்டி மெதுவா ஓட்டுது" என்றேன். "மெதுவா ஓட்டுனா குரல் தடிக்கும். நாடாக் காலத்துலயே பேட்டரி தீர்ந்தா அப்படித்தானே?"

"மத்த பாட்டெல்லாம் ஒழுங்கா பாடுதே?"

'நாளைக்கு வாங்க, சாமான் வரணும்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எட்டுப் பேரும் போகிற மாதிரி தெரியவில்லை.

நான்காவது மரம்

கடைக்கு வந்து கணினியைத் திறந்தேன். சரசுவும் கமலாவும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒழுங்காகப் பாடும் பழைய பாட்டு ஒன்றைத் திறந்தேன். சரசுவின் பாட்டைப் பக்கத்தில் திறந்தேன். ஆங்கிலம் எனக்கு வராது, ஆனால் எண் வரும். எண்ணில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது கட்டத்தைத்தான் ஏற்கனவே மாற்றிப் பார்த்தாயிற்றே. நான் இருபது வருடமாகத் தொடாத நான்காவது கட்டத்தைப் பார்த்தேன். பழைய பாட்டில் 44100. சரசுவின் பாட்டில் 48000.

அந்த ஸ்கூடாய் வீடியோக்காரருக்குத் தொலைபேசி போட்டேன். "ஆமாங்க, வீடியோக்கு நாங்க எப்பவும் நாப்பத்தெட்டாயிரம்தான் வெப்போம். ஒரு செகண்டு சத்தத்த நாப்பத்தெட்டாயிரம் துண்டா எடுக்கும். பாட்டு சீடி எல்லாம் நாப்பத்து நாலாயிரத்து நூறு" என்றார் அவர்.

இத்தனை காலமும் என் கைக்கு வந்தவை எல்லாம் வட்டிலிருந்து வந்தவை. நான்காவது மரம் தானாகவே நேராக நின்றிருக்கிறது. நான் நட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் சரசுவுக்குப் புரிந்துவிட்டது. திருமணத்துக்கு முன் செனாய் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தி லைனில் பத்து வருடம் நின்றவர் அவர்.

"அட, இது ரெண்டு லைன் கதை அண்ணே. அந்தப் பக்கம் லைன்ல ஒரு செகண்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டு வெட்டி அனுப்புறான். நம்ம பெட்டி அதே துண்ட நாப்பத்து நாலாயிரம்தான் அடுக்குது. மிச்சம் அடுத்த செகண்டுக்குப் போகுது. சரக்கு குறையல, நேரம்தான் இழுக்குது. சூப்பர்வைசரு பாக்கல."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன்.

"சூப்பர்வைசரு நீங்கதானே அண்ணே" என்றார் கமலா.

புதிய வண்டிப் பெட்டிகளும் தொலைபேசிகளும் எந்த வேகத்தில் வெட்டினாலும் அந்த வேகத்தில் அடுக்கத் தெரிந்தவை. கோயிலில் நான் பொருத்திய பெட்டிக்கு ஒரே ஓட்டம்தான் தெரியும். எதைக் கொடுத்தாலும் பாடும் என்று நான் சொன்னது பொய்யில்லை. எப்படிப் பாடும் என்று நான் சொல்லவில்லையே!

நான்காவது கட்டத்தை 44100 ஆக்கினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிட வேலை.

"இருங்க" என்றார் கமலா. இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணே, அத மாத்தாதீங்க. ஆம்பளையாவே இருந்துட்டுப் போகட்டும். தினமும் காலையில நம்ம பாட்டு ஓடுது இல்ல? எங்க ஆளுக்குத் தெரிஞ்சா மறுபடியும் 'பாக்கலாம்' ஆரம்பிச்சிருவாரு. சரசு, நீயே சொல்லு. யார் குரலா இருந்தா என்ன, பாட்டு உன்னோடதுதானே?"

உண்மையைச் சொன்னால், கமலா சொன்னது எனக்கு வசதி. பெட்டியின் மானம் போகாது. பாகவதருக்குக் காய்ச்சல், வெளிநாடு போய்விட்டார் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

"அக்கா" என்றார் சரசு. "நான் ரோட்டோரத்துல ஆவியில நின்னு இடியாப்பம் அவிக்கிறேன். காலையில வேலைக்குப் போறவன் எல்லாரும் என் மூஞ்சியப் பாத்திருக்கான். ஒருத்தனும் என் குரல கேட்டதில்ல. 'ரெண்டு செட்டு தாப்பாவ்'னு அவன் சொல்றான், நான் கட்டிக் குடுக்குறேன். அவ்வளவுதான். பாட்டு நிக்கட்டும், போகட்டும். ஸ்பீக்கர்ல வந்தா என் குரல்தான் வரணும். எனக்கு என் குரல் வேணும்."

கமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு பாட்டையும், நாற்பத்தெட்டாயிரத்தையும் நாற்பத்து நாலாயிரத்து நூறையும், திருவிழா மேடைக்காக ஒரே பென்டிரைவில் ஏற்றினேன். அதுவரை காலையில் பாகவதரே பாடட்டும். எதை முதலில் ஏற்றவேண்டும் என்று யோசித்துத்தான் ஏற்றினேன். பெட்டியின் குணம் எனக்குத் தெரியுமே.

பொன்னாடை

திருவிழாக் காலை. பந்தலில் உட்கார இடமில்லை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவர் சிவப்புக் கரை வேட்டி, தட்டில் மடித்து வைத்த பொன்னாடை, கையில் ஒலிவாங்கி.

"பத்து நாளா காலையில உங்க எல்லார் மனசையும் அள்ளுன அந்தப் பாகவதர நம்ம சவுண்டு மாணிக்கம் அழைச்சிக்கிட்டு வந்திருக்காரு!"

கூட்டம் கழுத்தை வளைத்து வாசலைப் பார்த்தது. வாசலில் ஐஸ்கிரீம்காரர்தான் இருந்தார்.

நான் மேடைக்குப் போனேன். கால் நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடைப் பலகை சரியாக அடிக்கப்படவில்லை.

"மொதல்ல பாகவதர் பாடட்டும்" என்று சொல்லிப் பெட்டியைத் தட்டினேன். நாற்பத்தெட்டாயிரம் ஓடியது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். ஒரு பல்லவி முடிந்ததும் நிறுத்தினேன்.

"இப்ப அதே பாட்டு, அதே ஆளு. பெட்டிக்குச் சரியான அளவுல."

அடுத்த பாட்டைத் தட்டினேன்.

'செம்பனைத் தோப்புக்குள்ள செவ்வாடை கட்டி வந்தா...'

சரசுவின் குரல் இரண்டு கூம்புகளிலும் கிளம்பியது. கனத்த குரல்தான், பிறவியிலேயே அப்படி. ஆனால் அடியில் ஒரு வெல்லப் பாகு ஓடும். தலைவர் கண்ணைத் திறந்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் பாட்டைப் பாதி வரியில் நிறுத்தினேன்.

நிறுத்திய இடத்திலிருந்து, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, ஒலிவாங்கி இல்லாமல் சரசு அந்த வரியை முடித்தார்.

முடித்துக்கொண்டே நடந்து வந்தார். பின்னால் ஏழு பேர் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேடை ஏறும்போது இரண்டாவது சரணம் வந்தது. கமலா தனியாக எடுத்தார். தலைவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பாடினார்.

எதிர்காலம் உள்ள அந்தச் சின்னப் பையன் யார் என்று தலைவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவந்தது. வெளுத்தது. சரசுவின் இரண்டு வருடமும் என் இருபது வருடமும் அந்த முகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை, தலைவர் என்ன செய்வார் என்று பார்த்தார்கள்.

அவர் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"முப்பது வருசமா இந்தக் குரல் என்னைத் திட்டுறதக் கேட்டிருக்கேன்" என்றார் கமலாவைக் காட்டி. "பாடுறத இன்னிக்குத்தான் கேக்குறேன்."

பந்தல் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள். ஐஸ்கிரீம்காரர்கூட மணி அடித்தார்.

தலைவர் என்னிடம் திரும்பினார். "ஏய்யா, பெரிய ஆளு, பழக்கம் உண்டுன்னியே?"

"பழக்கம்தான் தலைவரே. கோயிலுக்கு நாலு கடை தள்ளி இடியாப்பம் விக்கிறாங்க. நீங்களே தினமும் வாங்குறீங்க."

அடுத்த சிக்கல் பொன்னாடையில் வந்தது. எங்கள் வழக்கத்தில் ஆணுக்கு ஆண் போர்த்துவார், பெண்ணுக்குப் பெண் போர்த்துவார். பெண்ணுக்குப் போர்த்தவேண்டி வந்தால் தலைவர் தன் மனைவியைத்தான் அழைப்பார். மனைவியோ பாடகர் வரிசையில் நிற்கிறார். தலைவர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அதை அப்படியே கமலாவின் கையில் கொடுத்தார். கமலா சரசுவுக்குப் போர்த்தினார். பாகவதருக்கு என்று வாங்கிய பொன்னாடை, நல்ல அகலம். சரசு அதில் பாதியை எடுத்துக் கமலாவின் தோளில் போட்டார். ஒரே பொன்னாடைக்குள் இரண்டு பேரும் நின்று சிரித்த படம் இப்போதும் என் கடைச் சுவரில் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

மறுநாள் காலையிலிருந்து கோயிலில் தினமும் சரசுதான். இடியாப்பத் தட்டை ஆவியில் ஏற்றிவிட்டு, தன் பாட்டு முடிந்ததும் இறக்குகிறார். கடிகாரம் பார்ப்பதில்லை. அந்தப் பத்து நாளும் பாகவதர் பாடி இழுத்ததில் இடியாப்பம் குழைந்து போனது என்று இன்றைக்கும் என்மேல் வழக்கு உண்டு.

ஒரே ஒரு தெரியாது

திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். தலைவர் கடைக்கு வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

"மாணிக்கம், அந்த நாப்பத்தெட்டாயிரத்த அழிச்சிட்டியா?"

"இருக்கு தலைவரே."

"என் காருக்கு ஏத்திக் குடு. யார்கிட்டயும் சொல்லாத லா. அந்தப் பாகவதர் குரல் காதுலயே நிக்குது."

ஏற்றிக் கொடுத்தேன். அவர் வண்டியில் உட்கார்ந்து போட்டார். இரண்டு நிமிடத்தில் கண்ணாடியை இறக்கினார்.

"அலமாக்! இதுலயும் சரசுதான் பாடுது! பாகவதர் எங்கய்யா?"

"வண்டி புதுசு தலைவரே. நாப்பத்தெட்டாயிரம் குடுத்தா நாப்பத்தெட்டாயிரமாவே பாடும். பாகவதர் நம்ம பழைய பெட்டிக்குள்ள மட்டும்தான் இருந்தாரு."

"அப்ப வேற வழி பண்ணு. உனக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர்லயே இழுத்து, அந்த ஆம்பளக் குரலாவே மாத்திக் குடு."

இழுக்கலாம். ஒரு நிமிடம்கூட வேண்டாம். இப்போது எனக்கு நான்காவது மரம் மட்டுமல்ல, அந்த நிரையில் இருக்கும் அத்தனை மரமும் தெரியும். என்ன எண் போட்டால் பாகவதர் வருவார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

வண்டிக்குள் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. கமலாவின் குரல்.

"எனக்குத் தெரியாது தலைவரே" என்றேன்.

"நீயா? தெரியாதுன்னு சொல்ற?"

"தெரியாது."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கை பெட்டிப் பக்கம் போனது, நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினார். முனை திரும்பும்வரை சரணம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இத்தனை வருடத்தில் என் கடையில் நான் 'தெரியாது' என்று சொன்னது அந்த ஒரே ஒரு நாள்தான். அதையும் தெரிந்துதான் சொன்னேன்.